17 சதவீதத்தை தாண்டினா நெல்லுக்கு என்ன ஆகும்? கொள்முதல் நிலையம் முதல் உங்க வீட்டு அரிசி டப்பா வரை... முழு விவரம்

அறுவடை முடிந்து நெல் களத்துக்கு வந்துவிட்டால் கவலை தீர்ந்தது என்று டெல்டா விவசாயிகள் யாரும் நினைப்பதில்லை. குறுவை அறுவடை நடக்கும் செப்டம்பர், அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வாசலில் வந்து நிற்கும். சம்பா, தாளடி அறுவடை நடக்கும் ஜனவரி, பிப்ரவரியில் பனியும், சில ஆண்டுகளில் பருவம் தப்பிய மழையும் சேர்ந்துகொள்ளும். நேரடி நெல் கொள்முதல் நிலைய வாசலில் குவியல் குவியலாக நெல், மேலே தார்ப்பாய், பக்கத்தில் காவலுக்குப் படுத்திருக்கும் விவசாயி... இந்தக் காட்சியை ஒவ்வொரு ஆண்டும் செய்திகளில் பார்க்கிறோம்.

அந்தக் காத்திருப்பு நாட்களில் நெல்லுக்குள் என்ன நடக்கிறது? அது அரிசியின் தரத்தை எப்படி மாற்றுகிறது? அந்த அரிசி நம் தட்டுக்கு வந்தால் உடம்புக்கு ஆபத்தா? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

நெல்லும் மூச்சு விடும்... தெரியுமா?

நெல் என்பது விதை. கதிரில் இருந்து பிரித்த பிறகும் அதற்கு உயிர் உண்டு. ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் மாவுச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எரித்து, கார்பன் டை ஆக்சைடு, தண்ணீர், வெப்பம் மூன்றையும் வெளியே விடும். நெல் நன்றாகக் காய்ந்திருந்தால் இந்த மூச்சு மிக மெதுவாக நடக்கும். ஈரமாக இருந்தால் வேகம் எடுக்கும்.

சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஈர நெல் மூச்சு விட்டால் சூடாகும், தண்ணீரும் விடும். அந்தச் சூடும் ஈரமும் மூச்சின் வேகத்தை இன்னும் கூட்டும். குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தால் சுடுகிறது என்று விவசாயிகள் சொல்வது இதைத்தான். அந்தச் சூடு வெளியே போக வழியில்லாமல் மூட்டைகளை நெருக்கி அடுக்கி, மேலே தார்ப்பாயும் போட்டு மூடினால், கெடுவதற்குத் தேவையான எல்லாமே உள்ளே தயார்.

17, 14, 12... இந்த எண்களுக்கு என்ன அர்த்தம்?

அறுவடை இயந்திரத்தில் இருந்து இறங்கும் நெல்லில் பொதுவாக 20 முதல் 25 சதவீதம் வரை ஈரப்பதம் இருக்கும். மழை பெய்தால் அதற்கும் மேல். இதில் இருந்து கீழே இறங்க வேண்டிய படிகள் இவை:

17 சதவீதம்: மத்திய அரசின் கொள்முதல் விதிப்படி நெல்லில் இருக்கலாம் என்று அனுமதிக்கப்படும் அதிகபட்ச ஈரப்பதம். இது வாங்குவதற்கான வரம்பு மட்டுமே. மாதக்கணக்கில் சேமித்து வைக்க இது போதாது. 14 முதல் 18 சதவீதம் ஈரத்தில் நெல் இரண்டு, மூன்று வாரங்கள்தான் தாங்கும். அதற்கு மேல் பூஞ்சை, நிறமாற்றம் வரும்.

14 சதவீதம்: அரிசிக்கான அரசுத் தர விதியிலும் பொதுவான வரம்பு இதுதான். பூஞ்சை எளிதில் வளர முடியாத எல்லை இங்கிருந்து தொடங்குகிறது.

12 முதல் 13 சதவீதம்: 8 முதல் 12 மாதங்கள் வரை வைத்திருக்க வேண்டிய நெல்லுக்கும், விதை நெல்லுக்கும் இந்த அளவு தேவை.

விதை நெல்லுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைந்தால் விதையின் ஆயுள் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது விதை ஆராய்ச்சியாளர்கள் பல காலமாகப் பயன்படுத்தும் விதி. அடுத்த போகத்துக்கு எடுத்து வைத்த விதை முளைக்கவில்லை என்றால், பெரும்பாலும் பழி ஈரத்தின் மேல்தான் விழும்.

22 சதவீதம் கேட்பது ஏன்? மத்திய அரசு தயங்குவது ஏன்?

மழைக் காலத்தில் இந்த 17 சதவீத வரம்பைத் தளர்த்துமாறு தமிழக அரசு கேட்பது வழக்கமாகிவிட்டது. 2025 அக்டோபரில் 22 சதவீதமாக உயர்த்தக் கோரியது. மத்தியக் குழுக்கள் டெல்டாவுக்கு வந்து மாதிரி எடுத்துச் சென்றன. அடுத்த மாதம் அந்தக் கோரிக்கை ஏற்கப்படவில்லை என்று தெரிய வந்தது.

விவசாயி தரப்பு நியாயம் எளிமையானது. வெயிலே இல்லாத நாட்களில் நெல்லை எங்கே காய வைப்பது? திருப்பி அனுப்பினால் எங்கே கொண்டு போவது? ஒவ்வொரு நாள் காத்திருப்பிலும் நெல் கெடுகிறது, கூலியும் வண்டி வாடகையும் ஏறுகின்றன.

எதிர்த் தரப்பில் ஒரு எடைக் கணக்கு இருக்கிறது. 22 சதவீத ஈரம் உள்ள 100 கிலோ நெல்லை 17 சதவீதத்துக்குக் காய வைத்தால் சுமார் 94 கிலோதான் மிஞ்சும். மீதி 6 கிலோ தண்ணீர். ஒரு 40 கிலோ சிப்பத்தில் பார்த்தால் கிட்டத்தட்ட 2.4 கிலோ. 2025-26 பருவத்தில் மாநில ஊக்கத்தொகையும் சேர்த்து சன்ன ரகத்துக்குக் குவிண்டாலுக்கு 2,545 ரூபாய். அப்படியென்றால் குவிண்டாலுக்குச் சுமார் 150 ரூபாய் ஆவியாகப் போகும் தண்ணீருக்கானது.

பணத்தை விடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. வரம்பைத் தளர்த்தினால் விவசாயிக்கு அன்றைக்கு நிம்மதி. ஆனால் காகிதத்தில் எண்ணை மாற்றினால் நெல் காய்ந்துவிடாது. 22 சதவீத ஈரத்தில் வாங்கிய மூட்டை, அரவை ஆலைக்கோ உலர்த்தும் இயந்திரத்துக்கோ ஓரிரு நாளில் போயாக வேண்டும். போகாவிட்டால், விவசாயி வீட்டு வாசலில் கெட வேண்டிய நெல் அரசுக் கிடங்கில் கெடும். அவ்வளவுதான் வித்தியாசம்.

முதல் 24 மணி நேரம் ஏன் முக்கியம்?

அறுவடையான 24 மணி நேரத்துக்குள் நெல்லைக் காய வைக்கத் தொடங்க வேண்டும் என்பது சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் சொல்லும் அடிப்படை விதி. தள்ளிப்போனால் நடப்பது இதுதான்.

முதலில் குவியல் சூடாகும். அடுத்து அரிசி மஞ்சள் பூக்கும். உமிக்குள் இருக்கும் அரிசியில் நடக்கும் மாற்றம் என்பதால் வெளியே பார்த்தால் தெரியாது, அரைக்கும்போதுதான் தெரியும். எவ்வளவு தீட்டினாலும் அந்த மஞ்சள் முழுதாகப் போகாது.

மூட்டை முழுக்க நனைந்திருந்தால் முளை விடும். விதை உறக்கம் குறைவான ரகங்களில் இது சில நாட்களிலேயே நடக்கும். முளைக்கும்போது அரிசியின் மாவுச்சத்து சர்க்கரையாக உடைவதால், அந்த அரிசியில் சோறு வடித்தால் குழைந்து போகும். கடைசியாகப் பூஞ்சை. புழுங்கிய வாடை, கறுப்புப் புள்ளி, கட்டி கட்டியாக ஒட்டிக்கொள்ளும் நெல் எல்லாம் அதன் அடையாளங்கள்.

அரசு விதிப்படி கெட்டுப்போனது, நிறம் மாறியது, முளைத்தது, வண்டு அரித்தது எல்லாம் சேர்த்து 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஈரத்தைத் தளர்த்தினாலும் இந்த வரம்பில் மாட்டிக்கொண்டால் நெல் திரும்பி வரும்.

இந்தப் பிரச்சினை டெல்டாவுக்குப் புதிதும் அல்ல. தஞ்சாவூரில் இன்று இருக்கும் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தின் வேரே நெல்தான். 1967ல் திருவாரூர் நவீன அரிசி ஆலை வளாகத்தில் ஒரு தரக்கட்டுப்பாட்டு ஆய்வகமாகத் தொடங்கி, 1972ல் நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையமானது. ஈர நெல்லை எப்படிக் காப்பாற்றுவது என்பது அங்கே ஆராயப்பட்ட முக்கியமான கேள்விகளில் ஒன்று.

நல்லா காய்ஞ்ச நெல்லும் உடையுமே... ஏன்?

காய வைப்பதிலும் ஒரு பக்குவம் வேண்டும். உச்சி வெயிலில் தார் ரோட்டில் கொட்டி, கிளறாமல் விட்டால் மேற்பரப்பு சட்டென்று காயும், உள்ளே ஈரம் நிற்கும். இந்த இழுபறியில் அரிசிக்குள் முடி போன்ற விரிசல் விழும். காய்ந்த நெல் மறுபடியும் மழையிலோ பனியிலோ நனைந்தாலும் இதே கதை. வெளியே நெல் முழுசாகத்தான் இருக்கும். ஆலையில் போட்டால் குருணையாகக் கொட்டும்.

100 கிலோ நெல்லுக்குப் பச்சரிசி என்றால் 67 கிலோவும், புழுங்கல் என்றால் 68 கிலோவும் அரிசி தர வேண்டும் என்பது அரசு அரவைக்கான கணக்கு. அதில் முழு அரிசி எவ்வளவு, குருணை எவ்வளவு என்பதை இந்த விரிசல்தான் பெருமளவு முடிவு செய்கிறது.

புழுங்கல் போடும்போது ஊற வைத்து அவிப்பதால் அரிசியின் மாவு இளகி, பழைய விரிசல்களை ஒட்டிவிடும். ஆனால் மஞ்சள் நிறத்தையும் கெட்ட வாடையையும் அது நீக்காது. பூஞ்சை விட்டுப்போன நச்சையும் முழுதாக அழிக்காது.

சரி, கெட்ட அரிசி உடம்புக்கு என்ன செய்யும்?

ஈரமான தானியத்தில் வளரும் சில வகை ஆஸ்பர்ஜிலஸ் பூஞ்சைகள் 'அஃப்ளாடாக்சின்' என்ற நச்சை உருவாக்கும். இது கல்லீரலைப் பாதிக்கக் கூடியது. மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பட்டியலில் சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகமை இதை வைத்திருக்கிறது. ஹெபடைடிஸ் பி தொற்று உள்ளவர்களுக்கு ஆபத்து பல மடங்கு கூடும்.

இந்தியாவில் தானியங்களில் மொத்த அஃப்ளாடாக்சின் ஒரு கிலோவுக்கு 15 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று உணவு பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் வரம்பு வைத்துள்ளது. ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது.

பயப்படத் தேவையில்லாத விஷயமும் உண்டு. நிலக்கடலை, மக்காச்சோளத்தோடு ஒப்பிட்டால் அரிசியில் இந்த நச்சு குறைவாகவே காணப்படுகிறது. நெல்லின் உமி ஒரு கவசம். நன்றாகக் காய்ந்து, சரியாகச் சேமித்த அரிசியில் கவலைப்பட ஒன்றுமில்லை. பூஞ்சை பிடித்த அரிசியைத்தான் ஒதுக்க வேண்டும்.

"நல்லா கழுவி, வேக வச்சா போயிடும்ல?" என்று கேட்டால், பதில் 'முழுசா போகாது' என்பதே. இந்த நச்சு சமையல் சூட்டைத் தாங்கும். கழுவினால் மேலே இருக்கும் பூஞ்சைத் தூள் போகலாம், உள்ளே இறங்கியது இருக்கும்.

"அப்போ மாட்டுக்கு வச்சிடலாமா?" அதுவும் கூடாது. பூஞ்சை பிடித்த தானியத்தையோ தவிட்டையோ மாடு தின்றால், அந்த நச்சின் மாறிய வடிவம் பாலில் வரும். சுற்றி வந்து குழந்தையின் டம்ளரில்தான் நிற்கும்.

அரிசியில் வண்டு இருந்தா தூக்கிப் போடணுமா?

வண்டையும் பூஞ்சையையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இரண்டும் வேறு வேறு.

கூன் வண்டு அரிசியில் சின்னத் துளை போட்டு, உள்ளே முட்டையிட்டு, துளையை அடைத்துவிடும். புழு உள்ளேயே தின்று வளர்ந்து, ஏறக்குறைய ஒரு மாதத்தில் வண்டாக வெளியே வரும். "வாங்கும்போது சுத்தமா இருந்துச்சு, திடீர்னு எங்கிருந்து வந்துச்சு?" என்ற கேள்விக்கு விடை இதுதான். வெளியில் இருந்து வரவில்லை, பெரும்பாலும் அரிசிக்குள்ளேயே இருந்தது. அந்துப்பூச்சி இன்னும் ஒரு படி மேலே. வயலில் கதிராக இருக்கும்போதே நெல்லில் ஏறிக்கொள்ளும்.

கொஞ்சம் வண்டு இருந்தால் புடைத்து, சலித்து, கழுவிச் சமைக்கலாம். அரிசியின் சத்தும் எடையும் குறைந்திருக்கும், ஆனால் வண்டால் மட்டும் அது நஞ்சாகிவிடாது. அதிகமாகி, மாவாக உதிர்ந்து, வாடை வந்தால் விட்டுவிடுவதே நல்லது. வண்டுகள் கூட்டமாக மூச்சு விடுவதால் அரிசி சூடாகி ஈரம் கூடும். அதன் பின்னால் பூஞ்சை வரும்.

ஒரு எச்சரிக்கை: வண்டுக்காக அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டில் ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. காற்றின் ஈரம் பட்டாலே அது பாஸ்பீன் என்ற நச்சு வாயுவை விடும். பூட்டிய அறையில் தூங்குபவர்களின் உயிரையே எடுக்கும். கிடங்குகளில் பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே கையாள வேண்டிய பொருள் இது.

பழைய அரிசிக்கு ஏன் விலை அதிகம்?

சேமிப்பு என்றாலே தரம் குறையும் என்று நினைத்துவிட வேண்டாம். நன்றாகக் காய்ந்த நெல்லையோ அரிசியையோ சில மாதங்கள் வைத்திருந்தால் சோறு ஒட்டாமல், உதிரி உதிரியாக, நிறைய காணும். புது அரிசி பொங்கலுக்கும், பழைய அரிசி சாப்பாட்டுக்கும் என்று நம் வீடுகளில் பிரித்து வைத்திருப்பது இந்த அனுபவத்தில்தான்.

தீட்டாத அரிசிக்கு மட்டும் இது பொருந்தாது. மாப்பிள்ளை சம்பா, கருப்பு கவுனி போன்றவை தவிட்டோடு விற்கப்படுகின்றன. தவிட்டில் எண்ணெய் இருப்பதால் நாள் ஆக ஆகச் சிக்கு வாடை அடிக்கும். கைக்குத்தல் அரிசியை மூட்டையாக வாங்கி வைக்காமல், அவ்வப்போது கொஞ்சமாக வாங்குவதே சரி.

பத்தாயமும் குதிரும் சொல்லும் பாடம்

மண் குதிர், மரப் பத்தாயம், வைக்கோல் பிரி சுற்றிய நெல் சேர், விதைக்கோட்டை... பழைய சேமிப்பு முறைகள் எல்லாவற்றிலும் மூன்று விஷயம் பொதுவாக இருக்கும். நெல் தரையைத் தொடாது. மழை உள்ளே வராது. உள்ளே வைக்கும் முன் நெல் நன்றாகக் காய்ந்திருக்கும். இன்றைய கிடங்குக்கும் தேவை இதே மூன்றுதான்.

அப்போது ஒவ்வொரு வீடும் தன் களத்தில் காய வைத்துத் தன் நெல்லைச் சேமித்தது. இப்போது இயந்திரம் ஓரிரு நாளில் ஊரையே அறுத்துத் தள்ளுகிறது. அத்தனை நெல்லும் ஒரே நேரத்தில் ஒரே கொள்முதல் நிலையத்துக்கு வருகிறது. அறுவடையின் வேகம் கூடியது, காய வைக்கும் வசதி அதே வேகத்தில் கூடவில்லை.

விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

நெல்லை 2 முதல் 4 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பி, அரை மணிக்கு ஒரு முறை கிளறிவிடுங்கள். உச்சி வெயிலில் குவித்து மூடி, வெயில் தணிந்ததும் மறுபடி பரப்பலாம்.

தார்ப்பாயை நாள் முழுக்க இழுத்து மூடி வைத்தால் உள்ளே வேர்க்கும். மழை விட்டதும் திறந்து காற்றாட விடுங்கள்.

ஈரமானி இல்லையா? காய்ந்த கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் நெல்லும் காய்ந்த கல் உப்புத் தூளும் போட்டு 10 நிமிடம் குலுக்குங்கள். உப்பு பாட்டில் சுவரில் ஒட்டினால் ஈரம் சுமார் 15 சதவீதத்துக்கு மேல் என்று அர்த்தம்.

மூட்டைகளைத் தரையில் நேராக வைக்காமல் மரக்கட்டை மேல் அடுக்குங்கள். சுவரில் இருந்து ஒன்றரை, இரண்டு அடி தள்ளியே இருக்கட்டும்.

காற்றுப்புகாத பைகளில் ஆக்சிஜன் குறைந்து வண்டுகள் செத்துவிடும். ஆனால் நன்றாகக் காய்ந்த நெல்லை மட்டுமே அதில் போட வேண்டும். ஈர நெல்லைக் கட்டினால் உள்ளேயே புழுங்கிக் கெடும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

ஒன்றிரண்டு மாதத்துக்குத் தேவையான அரிசியை மட்டும் வாங்குங்கள். பழைய அரிசி தீராமல் அதன் மேலேயே புது அரிசியைக் கொட்டாதீர்கள். டப்பாவைக் கழுவி, வெயிலில் காய வைத்த பிறகு நிரப்புங்கள்.

அடுப்பு ஆவியும், சமையலறைத் தரையின் ஈரமும் படாத இடத்தில், இறுக்கமான மூடி போட்ட பாத்திரத்தில் வையுங்கள்.

வேப்பிலை, வசம்பு, காய்ந்த மிளகாய் போடுவது வண்டு வருவதைக் கொஞ்சம் தடுக்கும். அரிசிக்குள் இருக்கும் முட்டையைக் கொல்லாது. வேப்பிலையைக் காய வைத்துத்தான் போட வேண்டும், பச்சையாகப் போட்டால் ஈரம் சேரும்.

சிறிய அளவு அரிசி என்றால் ஃப்ரீசரில் 4 நாள் வைத்து எடுத்தால் முட்டையும் புழுவும் சாகும்.

வண்டு வந்த அரிசியைக் கடும் வெயிலில் போடாமல் நிழலில் பரப்புங்கள். வெயிலில் அரிசி விரிசல் விட்டு, சமைக்கும்போது உடையும்.

புழுங்கிய வாடை, கறுப்பு அல்லது பச்சைப் புள்ளி, கட்டியாக ஒட்டிய அரிசி இருந்தால் சமைக்க வேண்டாம். ரேஷன் கடையில் அப்படிக் கொடுத்தால் மாற்றிக் கேளுங்கள். மாற்றித் தராவிட்டால் 1967 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

தீர்வு எங்கே இருக்கிறது?

கெட்டுப்போன நெல்லைப் பின்னால் எந்தக் கிடங்காலும் நல்ல நெல்லாக்க முடியாது. கெடாமல் காய்ந்து வந்த நெல்லை அப்படியே காப்பாற்றத்தான் கிடங்கால் முடியும். அதனால் முதல் சில நாட்களில் செய்யும் செலவுக்குத்தான் பலன் அதிகம். கொள்முதல் நிலையத்துக்கு அருகிலேயே உலர்த்தும் இயந்திரம், சிமெண்ட் களம், மேற்கூரை, வாங்கிய மூட்டைகளை உடனே ஏற்றிச் செல்ல லாரி. இந்த நான்கும் அறுவடைக்கு முன்பே தயாராக இருந்தால், 17ஆ 22ஆ என்ற வாக்குவாதத்துக்கே பெரிய அளவில் வேலை இருக்காது.

இல்லாவிட்டால் நஷ்டம் இரண்டு இடத்தில் விழும். ஒன்று, நான்கு மாதம் உழைத்த விவசாயியின் கையில். இன்னொன்று, அந்த அரிசியை நம்பி உலை வைக்கும் வீட்டில்.